ஒரு கிரவுண்டு தங்கம்

சேலையூர்
ஞாயிறு மத்தியானம்

மகனே,

நீ நலமாக இருப்பதாகப் போன வாரம் பூனாவிலிருந்து எழுதியிருந்தாய். அதை நம்பலாமா என்று முடிவு செய்த பிறகுதான் நானும் நலம் என்று பதில் எழுத முடியும். அதனால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். இன்று காலைப் பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், ஸ்டெல்லாவின் பெயர், இரண்டு வீட்டுப் பெற்றோரின் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார். தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று ஊரையே கேட்கிற சடங்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மூன்று ஞாயிறு கேட்டும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால்தான் கல்யாணம் நடக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. அது கல்யாணத்துக்குத் தடை இல்லை என்பதால் சாமியாரிடம் போகவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு யோசனை சொல்லியிருந்தாய். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய் வெற்றிலையோடு என் புத்தகத்தையும் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம், மறுபதிப்புச் செலவை நீயே ஏற்றுக்கொள்கிறாய், ‘உங்கள் பத்து வருட உழைப்பு நாலு பேருக்குத் தெரியட்டும் அப்பா’ என்று. அன்பான யோசனை. வேண்டாம். காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குப் பாதி தெரிந்த கதை, ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ எதைத் தெரிந்துகொண்டு எதைத் தெரியாததுபோல இருந்தாய் என்று எனக்கு இன்னும் கணக்குப் புரியவில்லை.

நான் புத்தகம் எழுதிய ஓவியரை நம் வீட்டில் ‘இத்தாலிக்காரர்’ என்றுதான் சொல்வோம். அவர் பெயரைத் தமிழில் நான்கு விதமாக எழுதலாம், நான்கும் என் புத்தகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்னால், டஸ்கனியில் ஒரு குன்றின் மேலிருக்கும் சியன்னா நகரத்தில் வாழ்ந்தவர். முட்டையின் மஞ்சள் கருவில் வர்ணத்தைக் குழைத்து, மரப்பலகையில் மாதாவை வரைந்தவர். அவரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பாதி, அந்த ஊர் அவருக்குப் போட்ட அபராதங்களின் பட்டியல். படைக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை, அபராதம். சூனியம் சம்பந்தமாக ஏதோ ஒன்று, அதற்கும் அபராதம். அதே ஊர், அவர் பேராலயத்துக்கான பெரிய பீடப் படத்தை முடித்த நாளில் கடைகளை அடைத்து, மணி அடித்து, எக்காளம் ஊதி, அவர் பட்டறையிலிருந்து ஆலயம் வரைக்கும் அந்தப் படத்தை ஊர்வலமாகக் கொண்டுபோனது. இரண்டையும் ஒரே ஊர் செய்தது என்பதால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஊர்களைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற வாழ்க்கை அடிக்கடி கிடைப்பதில்லை.

அறுபத்திரண்டில் தாம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, அதிலும் மை கொஞ்சம் அதிகம். நடுவில் மாதா, மடியில் குழந்தை. அவர்களுக்குப் பின்னால் இருட்டு. வானம் இல்லை, சுவர் இல்லை, மரம் இல்லை, ஒரே இருட்டு. நான் அந்தப் படத்தின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத்தில் படங்களின் பட்டியல் இருந்தது. அந்தப் படத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘டெம்பரா, பலகை, கோல்டு கிரவுண்டு’ என்று மட்டும் போட்டிருந்தது. டெம்பரா என்றால் முட்டை வர்ணம் என்று தெரியும். பலகை தெரியும். மிச்சம் இரண்டு வார்த்தை. அந்த வருடம் நான் சேலையூரில் மனை தேடிக்கொண்டிருந்தேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கேம்ப் ரோட்டில் யார் யாரைப் பார்த்தாலும் ‘எத்தனை கிரவுண்டு, என்ன விலை’ என்பதுதான் பேச்சு. என் தலைக்குள்ளும் அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே, அந்த ஊர் ஓவியருக்குக் கூலியாகப் பொன்னும் ஒரு கிரவுண்டு நிலமும் கொடுத்தது என்று நான் புரிந்துகொண்டேன். சந்தேகம் ஒரு நிமிடம்கூட வரவில்லை. நியாயமான கூலி என்றுகூட நினைத்தேன்.

அதன் மேல்தான் முழுப் புத்தகமும் எழும்பியது. பொன்னும் நிலமும் கையில் கிடைத்த மனிதர், மாதாவுக்குப் பின்னால் இருட்டை வரைந்தார். ஏன்? நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஏன் என்று எழுதினேன். அவர் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் ஏழு பேரும் அப்பாவின் சொத்து வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள் என்று அதே புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. அதை வைத்து ‘பிள்ளைகளின் துறவு’ என்று தனி அத்தியாயம். சொத்தில் இருந்தது கடன் மட்டும்தான் என்பது அடுத்த பக்கத்தில் இருந்ததாகப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். கிழித்தவரை நான் குறை சொல்லவில்லை. கிழியாத பக்கங்களையும் நான் சரியாகப் படிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, நான் ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்த அந்தப் படத்தின் பிரதியை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். “அப்பா, இந்த இருட்டுல கோடு கோடா விரிசல் விட்டிருக்கே. இருட்டு எப்படிப்பா விரியும்?” என்றாய். நல்ல கேள்வி. என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் “அல்ஜீப்ரா நோட்டை எடு.” நோட்டில் முப்பத்தெட்டு மார்க் இருந்தது, அதனால் அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன். அதன் பிறகு நீ என்னிடம் படத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பையனுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

எழுபத்து மூன்றில் உன் கம்பெனி இத்தாலிக்காரர்களிடம் ஏதோ இயந்திரம் வாங்கி, அதை ஓட்டப் பழக உன்னையும் இன்னொருவரையும் ஆறு மாதம் அங்கே அனுப்பியது. விமான நிலையத்தில் மற்ற அப்பாக்கள் ஸ்வெட்டர் போடு, தண்ணீரைப் பார்த்துக் குடி என்றெல்லாம் சொன்னார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சியன்னாவுக்குப் போ, பேராலயத்துக்குப் பக்கத்து மியூசியத்தில் அந்தப் படம் இருக்கிறது, அந்த இருட்டு கறுப்பா, கருநீலமா என்று பார்த்து எழுது. ஏழாம் அத்தியாயம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. உன் பதில் வந்தது. ‘அப்பா, படத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதின மாதிரியே இருக்கிறது. கருநீலம் என்று போடலாம்.’ நான் கருநீலம் என்று போட்டேன். உன் கடிதத்தின் அந்த வரிகளை முன்னுரையிலும் சேர்த்தேன், ‘நேரில் கண்ட என் மகனின் சாட்சியம்’ என்று தலைப்பும் கொடுத்தேன். அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளை எழுத்தில் ‘இருள் சூழ் அன்னை’. பங்கு மண்டபத்தில் வெளியீடு. சாமியார் ‘இருளைப் பற்றி ஆழமான தியானம்’ என்று பேசினார். சாமியார் நான்கு வருடம் ரோமில் படித்தவர். இதையும் நீ மனதில் வைத்துக்கொள்.

போன வருடம் ஜனவரியில் கேம்ப் ரோட்டில் கன்னியப்பன் மளிகைக் கடைக்குத் துவரம்பருப்பு வாங்கப் போனேன். கன்னியப்பன் வெளியீட்டு விழாவுக்கு வந்து, நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்து, ஒரு பிரதி காசு கொடுத்து வாங்கியவர். கல்லாவுக்குப் பின்னால் ஒரு புதுக் காலண்டர். இத்தாலியிலிருந்து ஏதோ மடத்துக்கு வந்ததாம், மடத்துச் சமையல்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

“வாங்க சார். இன்னா சார், உங்க மாதா இங்க கீறாங்க, பாக்காமயே நிக்கிறீங்க?” என்றார் கன்னியப்பன்.

நான் பார்த்தேன். நடுவில் மாதா, மடியில் குழந்தை. பின்னால் தங்கம். மேலிருந்து கீழ் வரை, விளிம்பு வரை, தங்கம்.

“அதே கொயந்த, அதே கையி. நம்ம புக்குல போட்டுக்கீற அதே படம்தான் சார். ஆனா நீங்க அன்னிக்கு மேடைல இருட்டு இருட்டுன்னு சொல்லிகினு இருந்தீங்க. இங்க பாத்தா நகைக்கடை மாரி கீது!”

“அது வேற படமா இருக்கும், கன்னியப்பா.”

“இன்னா சார் வேற படம்? கீய பேரு போட்டுக்கீது, படிங்க.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். இத்தாலிக்காரரின் பெயர், நான் எழுதாத ஐந்தாவது விதமாக. அதன் கீழே ஆங்கிலத்தில் ‘கோல்டு கிரவுண்டு’. பலகையின் மேல் தங்கத் தகடு ஒட்டி, அந்தத் தங்கத் தரையின் மேல் மாதாவை வரைந்திருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தத் தங்கம்தான் இருட்டாக விழுந்திருக்கிறது. கிரவுண்டு என்றால் தரை. பதினான்கு வருடம் கழித்து அந்த வார்த்தை எனக்கு அர்த்தமானது, கையில் துவரம்பருப்புப் பொட்டலத்தோடு.

“அச்சாபீஸ்காரன் ஏமாத்திட்டாம்போல சார்” என்று கன்னியப்பன் எனக்காக வருத்தப்பட்டார். “கறுப்பு மைதான் சீப்பு. பேஜார் புடிச்ச பசங்க. நீங்க இத்த எடுத்துக்கினு போங்க, என்னாண்ட சாமி காலண்டர் நாலு கீது.”

சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என்ன நினைத்தேன் தெரியுமா? உன்னைப் பற்றிக் கவலைப்பட்டேன். பிள்ளை அங்கே தவறான படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், இது தெரிந்தால் மனம் நொந்துபோவான், எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வீட்டில் உன் அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலண்டரைப் பிரித்து அவள் முன்னால் பிடித்தேன்.

“பின்னாடி என்ன கலர், சொல்லு.”

“தங்கம்” என்றாள், தலையை ஒரு முறை தூக்கிவிட்டு மறுபடியும் அரிசிக்குத் திரும்பி.

“உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?”

“மூணு வருஷமா தெரிஞ்சதுக்கு என்னங்க ஆச்சரியம்” என்றவள், அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டாள். கை நின்றது.

அவளே எழுந்துபோய், அலமாரியில் புடவைகளுக்கு அடியில் விரித்த காகிதத்தைத் தூக்கி, ஒரு தபால் அட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். படப்பையில் இருக்கும் உன் அக்காவுக்கு நீ போட்டது. முன்பக்கம் அதே படம், பளபளவென்று. பின்பக்கம் உன் கையெழுத்து: ‘அக்கா, படத்தைப் பார்த்துட்டேன். பின்னாடி முழுக்கத் தங்கம். அம்மாகிட்ட மட்டும் சொல்லு, அப்பாகிட்ட இதைக் காட்டாதே. பத்து வருஷமா இருட்டைப் பத்தி எழுதியிருக்கார். பாவம்.’

பாவசங்கீர்த்தனத்தில் நாம் முழங்காலில் நின்று சொல்கிற பாவத்துக்கும், தெருவில் நொண்டுகிற நாயைப் பார்த்து நாம் சொல்கிற பாவத்துக்கும் தமிழில் ஒரே வார்த்தைதான். முதலாவதாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு பெரிய தப்பைச் செய்தவன் என்று நீ என்னை நினைத்திருந்தால், எதிரே வந்து நின்று சண்டை போட்டிருப்பாய். நீ எழுதியது இரண்டாவது.

“எங்கூடவே உக்காந்து ப்ரூஃப் பாத்தியே” என்றேன் உன் அம்மாவிடம்.

“எழுத்துப் பிழைதானே பாக்கச் சொன்னீங்க?”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா புத்தகத்தையே நிறுத்தியிருப்பேனே.”

“அதனாலதான் சொல்லல. நிறுத்திட்டு அப்புறம் என்ன செய்வீங்க? சும்மா உக்காந்திருக்கிற உங்கள யார் பாத்துக்கறது?” முறத்தை மறுபடியும் இழுத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “நான் கோயில்ல கொயர்ல பாடிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க வந்து, இனிமே சின்னப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் இடமாம்னு சொன்னீங்க. அடுத்த ஞாயிறே என்னைவிட மூணு வயசு பெரியவங்க முன்வரிசைல நின்னு பாடினாங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க தெரியும்.”

உண்மைதான், மகனே. கொயர் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டம்மாவின் குரல் உடைந்துவிட்டது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் பக்குவமாகச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள். மறுநாள் உடைந்த குரலிலேயே அடுப்படியில் பாடியிருப்பாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் ஒரு வரிகூட முணுமுணுத்ததில்லை. அதை நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். நீ அதை என்னைவிட நன்றாகச் செய்தாய் என்பது மட்டும்தான் என் புகார் என்றால் அது சிரிப்புக்கிடம். ஆனால் புகார் அதுதான்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரிய வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். ஆக, அவள் மூன்று வருடம் உனக்காக என்னிடமும், ஒரு வருடத்துக்கு மேல் எனக்காக உன்னிடமும் ரகசியம் காத்திருக்கிறாள். ஒரு நாட்டுக்கு உளவுத்துறை வைக்க ஆள் தேடினால் நம் வீட்டு அடுப்படியில் தேடலாம். இந்தக் காலத்தில் நான் செய்த ஒரே வேலை, நீ எழுதிய பழைய கடிதங்களை எடுத்து மறுபடியும் வாசித்தது. ‘பூனாவில் சாப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று ஒரு கடிதம். ‘போனில் உங்கள் இருமல் குறைந்த மாதிரி இருந்தது’ என்று ஒன்று. ‘கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கி வந்துவிடுகிறேன், நாம் எல்லாரும் சேலையூர் வீட்டிலேயே இருக்கலாம், ஸ்டெல்லாவுக்கும் அதுதான் ஆசை’ என்று ஒன்று. முன்பு ஒரு வாசிப்பில் முடிந்த கடிதங்கள் இவை. இப்போது ஒவ்வொரு வரியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பற்றி நீ சொன்ன ஒரே ஒரு பொய், நீ அன்பாக எழுதிய அத்தனையையும் தின்றுவிட்டது. திட்டி எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அதையாவது நம்பலாம் என்று தேடினேன். நீ திட்டியதே இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஸ்டெல்லா எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். நல்ல கையெழுத்து. ‘மாமா, உங்கள் புத்தகத்தைப் படித்தேன், அந்தக் கருநீல இருளைப் பற்றிய ஏழாம் அத்தியாயம் மனதைத் தொட்டது’ என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு உண்மை தெரியாமல் எழுதினாளா, தெரிந்து எழுதினாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றால், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறாய். தெரியும் என்றால், அவள் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவளுக்கும் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டாய். இரண்டில் எது என்பதைப் பொறுத்துத்தான் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பதா, நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வதா என்று நான் முடிவு செய்ய முடியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேர் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே சாப்பாடு போடுவதை என்னால் சாப்பிட முடியாது. கல்யாணத்துக்கு வருவேன். அதில் சந்தேகம் வேண்டாம். கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

அப்பா என்கிற முறையில் புத்தி சொல்ல வேண்டும் என்றால், ஸ்டெல்லா தப்பாக எதையாவது செய்து அதைப் பெருமையாக உன்னிடம் கொண்டுவந்து காட்டும் நாளில் அங்கேயே சொல்லிவிடு. அவள் அல்ஜீப்ரா நோட்டை எடுக்கச் சொல்வாள். பரவாயில்லை, எடுக்காதே. மறுபடியும் சொல். உன்னிடம் அவள் ஏதாவது கேட்டால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதையும் தப்பாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

புத்தகத்தை நான் திருத்தப் போவதில்லை, மறுபதிப்பும் போடப் போவதில்லை. விற்காத பிரதிகள் பரண் மேல் இருக்கின்றன, இருக்கட்டும். மாதாவுக்குப் பின்னால் என்ன நிறம் என்பது இப்போது எனக்குத் தெரியும். கன்னியப்பன் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதை உன்னால் மட்டும்தான் சொல்ல முடியும். நான் பதினொரு வருடம் கனவு கண்ட இடத்தில் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறாய். கதவைத் தாண்டி உள்ளே போனதும் படம் எவ்வளவு பெரிதாக இருந்தது, மாதா உன்னைப் பார்த்தாளா வேறு எங்கோ பார்த்தாளா, அந்தத் தங்கத்தில் விரல் வைத்துப் பார்க்கத் தோன்றியதா, எவ்வளவு நேரம் நின்றாய், இதையெல்லாம் எழுது. முக்கியமாக ஒன்று: உள்ளே நுழைந்து தங்கத்தைப் பார்த்த அந்த நிமிடத்திலேயே உனக்கு என் ஞாபகம் வந்து, அங்கே நின்ற நேரம் முழுவதும் எனக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாயா? மறைக்காமல் சொல். அப்படியென்றால் நம் குடும்பத்தில் இன்னும் யாருமே அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

பதிலை என் பெயருக்குப் போடு. அம்மா பெயருக்கு வேண்டாம்.

அப்பா